பராமரிப்புப் பணியாளர்களுக்கு வகுப்பு நடத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

செவிலியர் பணி, வீட்டுப் பராமரிப்பு ஆகியவை தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. பதில் எழுதுபவர் ஓய்வு பெற்ற செவிலியப் பயிற்றுநர்.

கேள்வி: ஜி.என்.எம். செவிலியர் படிப்பை முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிகிறேன். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற்று ஓரளவு நல்ல நிலையில் வீடு திரும்பும் முதியவர்களில் பலர், சில வாரங்களில் படுக்கைப் புண்ணோடும் நிமோனியாவோடும் எங்கள் வார்டுக்கே திரும்பி வருகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் வரும் பெண்கள் பொறுமைசாலிகள். ஆனால் அவர்களுக்கு முறையாக யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலையை விட்டுவிட்டு, இத்தகைய பணியாளர்களுக்குத் தொடர்கல்வி தரும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறேன். கையில் வரும் மாதச் சம்பளத்தை உதறலாமா என்று என் கணவர் கேட்கிறார். இது தொழிலாக நிலைக்குமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.

பதில்: நிலைக்கும். ஆனால் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, மாணவிகள் வருவார்கள் என்று காத்திருந்தால் நிலைக்காது. பாடம் என்ன, கட்டணம் எவ்வளவு என்று யோசிப்பதற்கு முன்பே, பணம் கொடுக்கப்போவது யார் என்ற கேள்விக்கு நீங்கள் விடை கண்டாக வேண்டும். ஏனென்றால் இந்தத் தொழிலில் கற்றுக்கொள்பவர் ஒருவர், கட்டணம் செலுத்த வசதியுள்ளவர் வேறொருவர், பயன் அடைபவரோ கட்டிலில் படுத்திருக்கும் மூன்றாமவர்.

அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் பணிபுரியும் உதவியாளர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 12 மணி நேரம் பணியிடைப் பயிற்சி பெற வேண்டும் என்று மத்திய அரசின் விதியே இருப்பதால், அங்கே தொடர்கல்வி நடத்துபவர்களுக்கு வாடிக்கையாளரைத் தேடி அலையும் வேலை பாதி குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் பதிவு பெற்ற செவிலியருக்கு மட்டும், பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் நெறி வகுத்திருக்கிறது. வீடுகளில் ‘ஹோம் நர்ஸ்’ என்று அழைக்கப்படும் பணியாளருக்கு அப்படி ஒரு கட்டாயம் எதுவும் கிடையாது. ஆகவே சட்டத்துக்குப் பயந்து உங்களிடம் யாரும் வரப்போவதில்லை. பயிற்சி இல்லாததால் இன்றைக்கே நஷ்டப்பட்டுக்கொண்டிருப்பவர் யாரோ அவரைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும்.

டெல்டாவில் அப்படிப்பட்டவர்கள் மூன்று வகையினர். முதல் வகை, பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, கிராமத்து வீட்டில் தனித்திருக்கும் பெற்றோரின் குடும்பங்கள். பணம் அனுப்ப அவர்கள் தயங்குவதில்லை. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். இரண்டாம் வகை ஏஜென்சி உரிமையாளர்கள். ஒரு பணியாளரைக் குடும்பம் ‘இவர் வேண்டாம்’ என்று பத்தாம் நாளே திருப்பி அனுப்பும்போது அவர்களுக்கு வாடிக்கையும் போகிறது, பெயரும் கெடுகிறது. ஆனால் இவர்களிடம் பேசும்போது, ‘பயிற்சி கொடுத்தால் அந்தப் பெண் நேரடியாக வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டு போய்விடுவாளே’ என்ற அச்சம் முதலில் வெளிவரும். அது நியாயமான அச்சம்தான். கட்டணத்தில் பாதியைத் தொடக்கத்திலும், மீதியை அந்தப் பெண் மூன்று மாதம் அதே ஏஜென்சியில் நீடித்த பிறகும் பெற்றுக்கொள்வதாக நீங்கள் ஒப்புக்கொண்டால், பேச்சு பெரும்பாலும் நகரும். மூன்றாம் வகை உங்கள் மருத்துவமனையைப் போன்ற சிறிய, நடுத்தர மருத்துவமனைகள். டிஸ்சார்ஜ் செய்யும் நாளில் குடும்பத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும் கட்டிலருகே ஒரு மணி நேரம் செய்முறை காட்டும் பொறுப்பை ஒரு தொகைக்கு உங்களிடம் ஒப்படைக்க அவர்கள் முன்வரலாம். இப்போது வேலை பார்க்கும் இடத்திலேயே இதை முதலில் கேட்டுப் பாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.

நீங்கள் உண்மையில் விற்க வேண்டிய பொருள் வகுப்பறைப் பாடம் அன்று என்பது என் உறுதியான கருத்து. பாடம் முடிந்த இரண்டாம் வாரத்தில், அந்தப் பணியாளர் வேலை செய்யும் வீட்டுக்கே நீங்கள் நேரில் சென்று, அவர் நோயாளியைப் புரட்டுவதையும் உணவு ஊட்டுவதையும் அருகில் நின்று பார்த்துத் திருத்துகிறீர்களே, அந்த வருகைக்குத்தான் குடும்பமும் ஏஜென்சியும் மனமுவந்து பணம் கொடுக்கும். செய்முறையை வகுப்பில் சரியாகச் செய்து காட்டியவர்கூட, வீட்டுக்குப் போனதும் வீட்டின் பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார். மருத்துவமனைக் கட்டிலைக் கைப்பிடி சுழற்றி உயர்த்தலாம், தலைமாட்டைத் தூக்கலாம். உங்கள் பணியாளர் போகும் வீட்டில் இருப்பதோ முழங்கால் உயரத்துக்கும் தாழ்ந்த ஒரு மரக் கட்டில், அல்லது கூடத்தில் விரித்த கோரைப்பாய். குளியலறை கொல்லைப்புறத்தில் இருக்கும். ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே உயரமான வாசற்படி இருக்கும். சக்கர நாற்காலி அந்தப் படியில் வந்து நின்றுவிடும். இந்த நிலைமையில் ஒரு நோயாளியை எழுப்பி உட்காரவைக்க முயலும் பெண், ஆறு மாதத்தில் தன் இடுப்பைக் கெடுத்துக்கொள்கிறார்.

ஆகவே குளிரூட்டிய கூடத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஆள் குடியிருக்காத ஒரு பழைய வீடு போதும். கும்பகோணத்தில் அப்படி வீடுகளுக்கா பஞ்சம்! தாழ்ந்த கட்டில் ஒன்று, பாய் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலிகள் சில, வாசற்படி, கொல்லைக் குளியலறை எல்லாம் அங்கேயே இருக்கும். பயிற்சிப் பொம்மைக்குப் பதிலாகப் பங்கேற்பவர்களே ஒருவருக்கொருவர் நோயாளியாகப் படுக்கட்டும். ஈரமான டயப்பரோடு அரை மணி நேரம் புரளாமல் படுத்திருக்கச் சொன்னால், எந்த விரிவுரையும் புரியவைக்க முடியாததை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

பாடத்தில் எதைச் சேர்ப்பது என்பதை உங்கள் வார்டே உங்களுக்குச் சொல்லிவிட்டது. படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதைப் பலர் கேட்டிருப்பார்கள். எப்படிப் புரட்டுவது என்பதைக் காட்டியவர்கள் குறைவு. பழைய பருத்தி வேட்டி ஒன்றை நான்காக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டு, இருவர் இருபுறமும் நின்று வேட்டியைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால், தோல் விரிப்பில் உராயாது. இழுத்து நகர்த்தும்போது உரியும் தோல்தான் பல புண்களுக்குத் தொடக்கம். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்கவும், சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் வெளுக்காவிட்டால் அதுவே முதல் நிலைப் புண் என்று அறியவும் பழக்குங்கள். பாடநூல்கள் ‘சிவப்பு’ என்று எழுதியிருந்தாலும் நம் மக்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், சூடாக இருக்கிறதா, சுற்றியுள்ள இடத்தைவிடக் கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கக் கற்பிப்பது முக்கியம். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது கெடுதல்; வளையம் போன்ற காற்றுத் தலையணையை வைப்பதும் கெடுதல். இவ்விரண்டும் அன்போடு செய்யப்படுகிற தவறுகள் என்பதால் கடிந்து சொன்னால் எடுபடாது.

அடுத்தது ஊட்டுதல். பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த வாக்கிலேயே கஞ்சியை ஊற்றுவதால்தான் உங்கள் வார்டுக்கு நிமோனியா திரும்பி வருகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை மார்பை நோக்கிச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி செய்து, சிறு கரண்டியால் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி என்ற ஒழுங்கையும், அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் ஊட்டக் கூடாது என்பதையும் பழக்கமாக்க வேண்டும். ரைல்ஸ் டியூப், அதாவது மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய், உள்ளவருக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்க வேண்டும். தலையணைகளை அடுக்கி அந்த உயரத்தைக் கொண்டுவருவது எப்படி என்பதே அரை நாள் பாடம்.

நம் ஊரில் இதோடு சேர்ந்த ஒரு சங்கடமும் உண்டு. இறுதி நாட்களில் உறவினர்கள் வந்து கூடிப் பால் ஊற்ற வேண்டும் என்பார்கள். விழுங்கும் திறன் போய்விட்டவரின் வாயில் பாலை ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்று தெரிந்த பணியாளர், அந்தக் கூட்டத்தின் நடுவே என்ன சொல்ல முடியும்? சுத்தமான பஞ்சில் பாலைத் தொட்டு உதட்டையும் நாவையும் நனைக்கும்படி மெல்லச் சொல்லிக் கொடுத்தால், வந்தவர்களின் மனமும் நிறையும், படுத்திருப்பவரும் திணற மாட்டார். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை; உங்கள் பாடத்தில் இருக்கட்டும்.

இனி பணம். கணக்கு புரிவதற்காக நானே சில தொகைகளைப் போட்டுக்காட்டுகிறேன். உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் 12 பேர்; வாரம் மூன்று மணி நேரம் வீதம் ஆறு வாரம்; ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு வருகை; தலைக்கு 1,500 ரூபாய். வரவு 18,000. வீட்டு வாடகை 3,000, கையுறை, குழாய், அச்சிட்ட தாள் ஆகியவற்றுக்கு 2,400, தேநீர், பலகாரம் 1,800, வருகைகளுக்குப் பெட்ரோல் 1,800, செய்முறைக்கு உதவியாளர் ஒருவருக்கு 3,000 என்று செலவு 12,000 ஆகிறது. மிச்சம் 6,000 ரூபாய், அதுவும் ஒன்றரை மாதத்துக்கு. உங்கள் கணவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியும். முதல் ஆண்டு வேலையை விடாமல் வார ஓய்வு நாளில் நடத்துங்கள். லாபம் என்று சொல்லத்தக்கது, பழைய மாணவிகள் ஆண்டுக்கொருமுறை அரை நாள் புத்தாக்க வகுப்புக்குத் திரும்பி வரும்போதும், குடும்பங்கள் தனிக் கட்டணம் செலுத்தி மாதாந்தர வருகையைக் கேட்கும்போதும்தான் தொடங்கும். முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் கிடைக்கும் என்றாலும், இரண்டு குழுக்கள் முடியும் வரை கடன் பக்கமே போக வேண்டாம். இதைப் படிக்கும் அரசு மருத்துவமனைச் செவிலியர் யாருக்கேனும் இதே எண்ணம் இருந்தால், 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றித் தனித்தொழில் செய்ய இயலாது என்பதை நினைவில் கொள்ளவும்.

கேள்வி: நானும் என் தோழியும் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள். எங்கள் பகுதியில் ‘அரசு அங்கீகாரம் பெற்ற நர்சிங் உதவியாளர் பயிற்சி’ என்ற விளம்பரத்தோடு சில மையங்கள் நடக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் யாரும் சேர மாட்டார்கள் என்று தோன்றுகிறது. நாங்கள் சான்றிதழ் தரலாமா? பதிவு எதுவும் தேவையா? – வாசகி, தஞ்சாவூர்.

பதில்: தரலாம், அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் செவிலியர் பதிவு 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் நடைபெறுகிறது, ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் போன்ற அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளை முடித்தவர்களே அதில் இடம்பெற முடியும். ஆறு மாதமோ ஓராண்டோ உதவியாளர் பயிற்சி பெற்ற ஒருவர் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே பதிவு செய்ய முடியாது. இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்கும் மையங்களால், படிப்பு முடிந்த பிறகு உண்மை தெரிந்து அழுகிற பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் சான்றிதழிலும் ‘நர்சிங்’, ‘டிப்ளமோ’, ‘அங்கீகாரம்’ ஆகிய சொற்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக வேலைக்கு உதவும் ஒரு தாளைக் கொடுங்கள். ‘பயிற்சி முடித்தார்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, கை கழுவுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுதல், கதீட்டர் எனும் சிறுநீர்க் குழாயின் பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தரையில் படாமல் தொங்கவிடுதல், ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் செய்ய வேண்டியவை என்று ஒவ்வொரு செயலையும் தனித்தனியே குறித்து, எந்தத் தேதியில் யார் முன்னிலையில் பிழையின்றிச் செய்து காட்டினார் என்று கையொப்பமிட்டு, ஓராண்டுக்கு மட்டும் செல்லும் என்று அச்சிடுங்கள். அமெரிக்க இதய சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழே இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிறது. அதைக் காரணம் காட்டினால் ‘ஏன் ஓராண்டுதான்’ என்ற கேள்விக்கு விடை சொல்வது எளிது. பணியாளருக்கு வேலை கொடுக்கும் குடும்பத்துக்கும் அந்தத் தாள் புரியும்.

நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ் வேண்டுமென்றால், சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, ‘ஹோம் ஹெல்த் எய்டு’ ஆகிய பயிற்சிகளை நடத்தும் மையமாக இணைய வேண்டும். அதற்கு இடவசதி, உபகரணங்கள், பயிற்றுநர் தகுதிச் சான்று என்று நிபந்தனைகள் இருக்கின்றன. இருவராகத் தொடங்கும் நீங்கள் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் யோசிக்கலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறையும் திறன் இந்தியாத் திட்டங்களில் உண்டு. உங்கள் மாணவிகளை அதற்கு அனுப்பிவைப்பதே இப்போதைக்குப் போதும்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம், அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பொதுவாகச் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. இருவர் சேர்ந்து நடத்துவதால் கூட்டாண்மை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நெருங்கிய தோழியாக இருந்தாலும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் இறந்த பிறகு வீடுகளில் தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். என் ஏஜென்சியில் 3,500 ரூபாய் கட்டிப் பயிற்சி எடுத்தால்தான் இனி நல்ல வீடு கொடுப்போம் என்கிறார்கள். வேலை தெரிந்த நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? – வாசகி, மன்னார்குடி.

பதில்: அம்மா, உங்கள் கோபம் சரியானது. உங்களை வேலைக்கு அனுப்பி வருமானம் பார்ப்பவரே அந்தச் செலவையும் ஏற்க வேண்டும்; குறைந்தபட்சம் பாதியை அவர்கள் தர வேண்டும், மீதியைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். பணம் கட்டும் முன் யார் சொல்லித்தருகிறார், அவர் பதிவு பெற்ற செவிலியரா, கையால் செய்து பார்க்க விடுவார்களா என்று விசாரியுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துப் படம் காட்டி அனுப்பும் பயிற்சியாக இருந்தால் ஒரு ரூபாயும் வேண்டாம்.

ஆனால் வேலை தெரியும் என்பதால் கற்க ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இன்சுலின் ஊசியையே பாருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிகளில் சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு உரியது. ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கு உரியது. புட்டியில் 100 என்று எழுதியிருக்கும் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்துப் போட்டால், உடம்புக்குள் போவது 20 அன்று, 50 யூனிட். பெரியவர் மயங்கிக் கிடப்பார். பழி உங்கள் மேல் விழும். புட்டியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே தொட வேண்டும். அதையும் மருத்துவர் எழுதிக் கொடுத்து, ஒரு செவிலியர் அந்த நோயாளிக்கென்று உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தால்தான் செய்ய வேண்டும். நரம்பில் ஊசி போடுவது, மூக்கில் குழாய் செருகுவது, கதீட்டர் மாற்றுவது ஆகிய மூன்றையும் வீட்டார் எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

உங்கள் உடம்புக்கும் இரண்டு செய்திகள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் போட்டுக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால், அந்த இடத்தைப் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. தங்கும் வீட்டில் யாராவது தவறாக நடந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடும் பணியிடம்தான். மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவில் முறையிடலாம், அவசரத்துக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம். உங்கள் ஏஜென்சி நடத்தும் பயிற்சியில் இதையெல்லாம் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டுப்பாருங்கள். தருகிறார்கள் என்றால், பாதிப் பணத்தை நீங்கள் போடுவதில் நஷ்டமில்லை.

கேள்வி: நான் ஆண் செவிலியர். மாணவர்கள் பயணம் செய்யாமல் செல்போனிலேயே முழுப் பயிற்சியையும் நடத்தினால் செலவு மிச்சம்தானே? – வாசகர், மயிலாடுதுறை.

பதில்: உங்கள் செலவு மிச்சம், கற்பவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. 70 கிலோ எடையுள்ளவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைத் திரையில் பார்த்துக் கற்க முடியாது. இதயம் நின்றுபோனவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தும் பழக்கமும் கைக்கு வர வேண்டியது. நேரடிப் பயிற்சி முடிந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புவது மிகவும் பயன்படும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களும் கேட்டுக்கொள்வார்கள். நோயாளியின் புண்ணைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு விளக்கம் கேட்கும் வழக்கத்தை மட்டும் முளையிலேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைக் கொண்டு பராமரிப்புப் பயிற்சி தொடங்கினோம். முதல் இரண்டு வாரம் நன்றாக வந்தார்கள். நடவு தொடங்கியதும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லையா? – வாசகி, திருத்துறைப்பூண்டி.

பதில்: ஆர்வத்தைக் குறை சொல்லாதீர்கள். நடவுக்கும் களைக்கும் போனால் அன்றன்றைக்குக் கூலி கைக்கு வரும். உங்கள் வகுப்பின் பலனோ எப்போதோ கிடைக்கும். உங்கள் வகுப்புகளின் காலத்தை மாற்றினால் போதும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் அதற்குப் பின் குறுவை வேலை. அடுத்துப் புரட்டாசி, ஐப்பசியில் சம்பா, தாளடி நடவு. பிறகு கார்த்திகை முழுவதும் மழை, சாலையில் தண்ணீர். தையில் அறுவடையை இயந்திரம் பார்த்துக்கொண்டாலும், அதன் பின் உளுந்து, பயறு பறிக்கப் பெண்கள்தான் போக வேண்டும். அது முடிந்து ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அவர்களுக்கு வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. முழுப் பயிற்சியை அந்த ஆறு வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்களும் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்வானவர்களே என்பதால், உங்கள் வட்டாரத்தில் அவர்களையும், வலித்தணிப்புச் செவிலியரையும், இயன்முறை மருத்துவரையும் ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தால், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் ஆள் தேவை என்பதும் தெரிந்துவிடும். நடவு மாதங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரப் புத்தாக்க வகுப்பு மட்டும் வைக்கலாம். அதையும் சனிக்கிழமையில் வைக்காதீர்கள், அன்று சந்தைக்குப் போய்விடுவார்கள்.